சகாயம்மாளை விடாத அரசாங்கம்

சகாயக்கா எங்கள் கேன்டீனுக்கு வேலைக்கு வந்த அன்று எனக்கு அவளைக் கட்டோடு பிடிக்கவில்லை. எண்பத்திரண்டாம் வருஷம். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அவள் வீட்டுக்காரர் இக்னேஷியஸ் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட, குடும்பம் நடக்க வேண்டுமே என்று அவளுக்குக் கேன்டீனில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகிற ஒரே பையன். வயது நாற்பத்திரண்டு. வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாராவது பேர் கேட்டால்கூடப் பதில் சொல்வதற்கு முன்னால் மூக்கை உறிஞ்சுவாள்.

அவளை என் பக்கத்தில் வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார்கள். நான் அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், ஆனால் கேன்டீனில் சீனியர். அந்தத் திமிர் எனக்கு உண்டு. பாதி மூட்டை உரிக்கும்வரை பார்த்தேன். கண்ணீர் நிற்கிற வழியைக் காணோம்.

"இன்னாக்கா, வெங்காயத்துக்கு அழுவுறியா, ஊட்டுக்காரருக்கு அழுவுறியா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குனா அழுவு. ஆனா இங்கியே அழுதுட்டு வந்துடு. டீ ஊத்தறச்ச அழுவாத. டீ உப்பு கரிக்குதுன்னு அப்புறம் நம்ம மேல புகார் எழுதுவானுங்க."

சுற்றியிருந்தவர்கள் என்னை முறைத்தார்கள். புருஷன் செத்தவளிடம் பேசுகிற பேச்சா இது என்று சமையல் மேஸ்திரி உலகநாதன் அதட்டினார். ஆனால் அக்காவுக்கு உதட்டோரம் லேசாகத் துடித்தது. அது சிரிப்புதான் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டோம்.

என் வீட்டுக்காரரும் அதே ஃபேக்டரி. குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வரிசையில் எங்கள் வீடுகள். அந்த நாளில் அங்கே திருநெல்வேலிக்காரர், கோயம்புத்தூர்க்காரர், மதுரைக்காரர் என்று எல்லா ஜில்லாவும் கலந்திருக்கும். குழாயடியில் நின்றால் போதும், தமிழ்நாடு முழுக்கச் சுற்றிவிட்டு வந்த மாதிரி இருக்கும். அக்காவும் நானும் இந்தப் பக்கத்து ஆட்கள். அவள் பூந்தமல்லியில் பிறந்தவள், நான் அம்பத்தூர். எங்கள் பாஷையைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் சத்தமாகவே பேசுவோம்.

அக்காவுக்கு அதுவரை தனியாகக் கடைக்குப் போய்ப் பழக்கம் கிடையாது. இக்னேஷியஸ் அண்ணன் தங்கமான மனுஷர். அதுதான் கெடுத்தது. காய்கறி, ரேஷன், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டு, இவளை வீட்டுக்குள் சொப்பு மாதிரி வைத்திருந்தார். வீட்டிலிருந்து ஃபேக்டரி கேட்டுக்கு நல்ல தூரம். கேட்டிலிருந்து கேன்டீனுக்கு இன்னும் தூரம். சங்கு ஊதுவதற்குள் உள்ளே போயாக வேண்டும். அவள் நடந்து வந்து சேர்வதற்குள் நாக்கு தள்ளிவிடும்.

"சைக்கிள் கத்துக்கோ" என்றேன்.

"இந்த வயசுலயா? ஊர் சிரிக்கும்டி."

"ஊர் இப்ப மட்டும் அழுவுதா? நீ ஓடி வரதப் பாத்து இப்பவே சிரிச்சுகினுதான் கீது."

சாயங்காலங்களில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் என் லேடீஸ் சைக்கிளில் அவளை ஏற்றினேன். சாண் ஏறினால் முழம் சறுக்கிய கதைதான். ஒரு நாள் நேராகப் போய் முள்ளுச் செடிக்குள் விழுந்து, சேலை கிழிந்து, முழங்கையெல்லாம் ரத்தம். நான் ஓடிப்போய்த் தூக்கினால், அவள் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "புஷ்பா, நீ புடிச்சுகினு வரல இல்ல? அந்தப் புளிய மரத்தாண்டயே உட்டுட்ட இல்ல? அங்கேருந்து இங்க வரைக்கும் நானே ஓட்டிகினு வந்தேனாடி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முள்ளைப் பிடுங்கக்கூட விடாமல் மறுபடியும் ஏறினாள். அவளை அழுமூஞ்சி என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சீக்கிரமே சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கிவிட்டாள். அப்புறம் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. காலையில் பனியில் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் கேட்டைப் பார்த்துப் போகும். அத்தனையும் ஆம்பளைகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே மணியை அடித்துக்கொண்டு, "ஒதுங்கு நைனா, ஒதுங்கு" என்று அக்கா போவாள். அவர்களும் ஒதுங்குவார்கள். பத்து மணிக்கு அவள்தான் டீ வண்டியோடு வரப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். டீ ஊற்றுகிறவளைப் பகைத்துக்கொள்ள எவனுக்குத் துணிச்சல் வரும்?

டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போவது அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். யாருக்குச் சர்க்கரை குறைவு, யாருக்கு ஸ்ட்ராங்கு, யார் வீட்டில் பிள்ளைக்கு அம்மை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவில் நவநாள் ஜெபத்துக்குப் போய்த் தொண்டை கட்டும்வரை பாடுவாள். குரல் சுமார்தான். ஆனால் கோவிலில் அவள் பாட்டை ரசிக்கிறவள் அவளேதான் என்பதால் அவளுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு முன்னால் முல்லைக்கொடி போட்டுப் பந்தலாகப் படர விட்டிருந்தாள். சாயங்காலமானால் வரிசை முழுக்க வாசனை. பூவைத் தொடுத்து எல்லோர் வீட்டுக்கும் கொடுப்பாள், தான் மட்டும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

மாசம் ஒருமுறை நாங்கள் இருவரும் ரயிலேறி பீச்சுக்குப் போவோம். ஆவடியில் ஏறி லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் பிடித்துவிட்டால் கடலை, மாங்காய், கொய்யாப்பழம் என்று வாய் ஓயாது. ஒரு தடவை பூக்காரப் பெண் ஒருத்தி வெள்ளைச் சேலையைக் கவனிக்காமல் அக்காவிடமும் ஒரு முழம் மல்லியை நீட்டினாள். நான் தடுப்பதற்குள் அக்கா வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வில்லிவாக்கம் தாண்டியதும் தலையில் வைத்துக்கொண்டாள். "யாரு இன்னா கேக்கப்போறாங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பேச்சு சுவாரஸ்யத்தில் ஆவடியில் இறங்க மறந்துவிட்டோம். வண்டி பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கே எங்களையும் இரண்டு மிலிட்டரிக்காரர்களையும் தவிர ஆளில்லை. அந்த மிலிட்டரிக்காரர்களிடமே வழி கேட்டு, வண்டி திரும்பும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு கடலை தின்றோம். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் வயிறு வலிக்கிறது. இப்போதெல்லாம் எனக்கு ரயிலில் தனியாக ஏற மனசே வருவதில்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. பையன் செபாஸ்டியன் படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, திருச்சிப் பெண் ஞானகுமாரியைக் கட்டிக்கொண்டான். தொண்ணூற்றேழு கிறிஸ்துமஸுக்குக் கைக்குழந்தையோடு வந்தார்கள். அப்போதுதான் அந்தப் பேச்சு எழுந்தது.

மே மாதத்தோடு அக்காவுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. ரிட்டயர் ஆகிவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஜூனில் ஞானகுமாரி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேரப் போகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "நீ எங்களோட வந்துடும்மா. இனிமே நீ ஏன் கஷ்டப்படணும்?" என்றான் பையன். எந்த அம்மா மாட்டேன் என்பாள்? அக்காவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கேக்கை வாயில் வைத்துக்கொண்டு நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கேக் இறங்கவில்லை.

அதற்கப்புறம் அவள் பழைய சகாயக்கா இல்லை. டீ வண்டியைத் தள்ளுவாள், ஆனால் பேச மாட்டாள். சனிக்கிழமை மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். முல்லைப் பதியன் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். கோழிகளைக் கொடுத்தாள். ஒரு நாள் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு என் வீட்டு வாசலில் கொண்டு வந்து நிறுத்தினாள்.

"ஓசூர்ல மேடும் பள்ளமுமா கீதாம். ஓட்ட முடியாதாம். நீ வெச்சுக்கோ."

எனக்கு வந்ததே கோபம். "உயிரோட கீறப்பவே பாகம் பிரிக்கிறியா? எட்த்துகினு போ" என்று சத்தம் போட்டேன். "இஷ்டம் இல்லைன்னா பையன்கிட்ட சொல்லிட வேண்டியதுதான? வாய் இல்லையா உனுக்கு?"

"இன்னான்னு சொல்றது? உன் கொயந்தைய விட எனுக்குச் சைக்கிள்தான் பெருசுன்னா?" என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் கடைசியில் உலகநாதன் ரிட்டயர் ஆனார். எங்கள் பக்கத்தில் ரிட்டயர்மென்ட் என்றால் சின்ன கல்யாணம் மாதிரி. கேட்டிலிருந்து ஆளுயர மாலையோடு, பேண்டு வாத்தியம் முழங்க, ஜீப்பில் உட்கார வைத்து வீடுவரை ஊர்வலம். அப்புறம் ஷாமியானா போட்டு பிரியாணி. உலகநாதன் ஜீப்பில் நின்று மந்திரி மாதிரி கும்பிட்டுக்கொண்டே போனார். அடுத்த மாசம் அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விருந்து என்று முடிவாயிற்று. "சகாயம்மா விருந்துக்கு நான்தான் பிரியாணி போடுவேன்" என்று உலகநாதன் அப்போதே இரண்டு ஆடுகளுக்குச் சொல்லி வைத்துவிட்டார். பேண்டுக்கும் சொல்லியாயிற்று. ஓசூரிலிருந்து சாமான் ஏற்ற ஒரு சிநேகிதனின் வேனோடு வருவதாகச் செபாஸ்டியனும் சொல்லிவிட்டான்.

மே மாதம் நடுவில் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தார்கள். ஃபேக்டரி முழுக்க அதே பேச்சு. டீ குடிக்கிற நேரத்தில் ஆளாளுக்கு ஜெனரல் ஆகிவிட்டார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே இன்னொரு செய்தியும் வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு ரிட்டயர்மென்ட் வயது இனி அறுபது. முதலில் யாரும் நம்பவில்லை. மறுநாள் யூனியன் போர்டில் ஒட்டியதும் கேன்டீனே ஆடியது. மே முடிகிறவர்களுக்கு இரண்டு வருஷம் கூடுதல். ஏப்ரலோடு போனவர்களுக்கு ஒன்றுமில்லை. பாவம் உலகநாதன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. செய்தி கேட்டு இரண்டு நாள் வீட்டை விட்டே வெளியே வரவில்லை.

நான் அக்காவைத் தேடிக்கொண்டு ஓடினேன். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து இழுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சு மாசமாக நான் காணாத சிரிப்பு.

அப்புறம் அவளே அடங்கினாள். "ஆனா நான் சொல்லிட்டேனேடி. பையன்கிட்ட ஒத்துகினேனே. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டும் போலாமாமே. அவன் அப்டித்தான் எழுதிக் குடுன்னுவான்."

அதுதான் சங்கடம். இருக்கலாம் என்றுதான் அரசாங்கம் சொன்னது, இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் பையனிடம் பேச குவார்ட்டர்ஸுக்கு வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். அக்கா ரிசீவரைக் காதில் வைத்தாள். பக்கத்துக் கடையில் பேப்பர்கள் தொங்கின. எல்லாவற்றிலும் குண்டு வெடித்த செய்திதான், கொட்டை எழுத்தில்.

"செபா, இங்க ஒரு சிக்கலாப் பூட்ச்சுடா" என்று ஆரம்பித்தாள். கண் அந்தப் பேப்பரிலேயே இருந்தது. "கவர்மென்ட்டு என்னை உடமாட்டேங்குது. ரெண்டு வருசம் இருந்தே ஆவணுமாம். இல்லப்பா, பாம் போட்டுகீறாங்க இல்ல? சண்ட வந்தாலும் வருமாம். அத்தொட்டு டாங்கி ஃபேக்டரியில யாரையும் அனுப்பறதில்லையாம். ஆமாப்பா. கேன்டீன்லயுந்தான்."

நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். போனை வைத்ததும், "ஏன்க்கா, நீ டீ ஊத்தலைன்னா டாங்கி ஓடாதா?" என்று கேட்டேன்.

"எனுக்கு இன்னாடி தெரியும்? பேப்பரைப் பாத்தேன். வாய் தன்னால பேசிச்சு."

"அவன் இன்னா சொன்னான்?"

"'நாடுதாம்மா முக்கியம், நீ பாத்து இரு'ன்றான்" என்றாள். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றாள். "சாமியாராண்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன்டி. ஆனா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? ஸ்கூல் தொறந்துடுமே."

விருந்தை நிறுத்திவிடலாம் என்றாள். கேன்டீன் ஒத்துக்கொள்ளவில்லை. சொன்ன ஆட்டையும் பேண்டையும் எப்படித் திருப்புவது? ரிட்டயர் ஆகாதவளுக்கு ரிட்டயர்மென்ட் விருந்து என்று பேர் வைத்துவிட்டார்கள். செபாஸ்டியனும் வேனுக்குச் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும், விருந்துக்காவது வருகிறோம் என்றான்.

மே முப்பத்தொன்று, தூய ஆவி திருநாள். பூசை முடிந்து கோவில் வாசலிலேயே மாலை போட்டு, பேண்டு வாத்தியத்தோடு அவளை அழைத்து வந்தோம். ஜீப் வேண்டாம் என்று நடந்தே வந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "நாளைக்கு வேலைக்கு வருவேன், நாளைக்கு வருவேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்படி ஒரு பூரிப்பு அவள் முகத்தில். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு முன்னால் ஷாமியானா. ஓரமாக அடுப்பு மூட்டி உலகநாதன் பிரியாணி தம் போட்டிருந்தார். துக்கத்தை மறந்து வந்த மனுஷர். நான் இலை போட்டுக்கொண்டிருந்தபோது செபாஸ்டியன் அவரிடம் போய் நின்றான். பக்கத்தில் குழந்தையோடு ஞானகுமாரி.

"எங்கம்மாவ நாட்டுக்காகப் புடிச்சு வெச்சுட்டாங்க அங்கிள்" என்றான் பெருமையாக. "பாம் போட்டதால ஃபேக்டரியில யாரையும் அனுப்பறதில்லையாமே?"

உலகநாதன் கரண்டியை வைத்தார். "இன்னா தம்பி சொல்ற? யாரையுமே அனுப்பலையா? அப்ப என்னை மட்டும் ஏன்பா அனுப்சாங்க? நான் இன்னா எதிரிக்கா சோறு ஆக்கிப் போட்டேன்?"

"அண்ணாத்தே, அடி புடிக்குது பாரு" என்று கத்திக்கொண்டே அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். பிரியாணி அடி பிடிக்கவே இல்லை. அவர் மூடியைத் திறந்து பார்த்து என்னை முறைத்தார். செபாஸ்டியன் ஒன்றும் புரியாமல் அப்பளம் எடுத்துக் கடித்துக்கொண்டு போய்விட்டான். ஞானகுமாரி போகவில்லை. உலகநாதனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து இலையைத் துடைத்தேன்.

பந்தியெல்லாம் முடிந்து, அக்காவும் நானும் பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஞானகுமாரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருக்காரு, தெரியும்ல அத்தை?"

"தெரியும்மா."

"அவருக்கு ஜூன்ல ரிட்டயர்மென்ட். அவருக்கும் ரெண்டு வருஷம் கூட்டியிருக்காங்க. வேணும்னா இருக்கலாம், வேணாம்னா எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம்னு சொன்னாரு. யாரையும் புடிச்சு வைக்கிறதில்லையாம்."

அக்காவின் கை தேய்த்த இடத்திலேயே நின்றுவிட்டது. "ரயில்வே வேற, டிபன்ஸ் வேறம்மா" என்று நான் உள்ளே புகுந்தேன்.

"புஷ்பா, நீ சும்மா இரு" என்றாள் அக்கா. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "பொய்தாம்மா. நான்தான் சொன்னேன். கவர்மென்ட்டு ஒண்ணும் புடிச்சு வெக்கல."

ஞானகுமாரி குழந்தையின் கையிலிருந்து தன் சங்கிலியை விடுவித்தாள்.

"கொயந்த மேல ஆசை இல்லாம இல்லம்மா. ஆனா நான் இங்க வரச்ச ஒண்ணுந் தெரியாதவ. இந்த ஊர்லதான் எல்லாம் கத்துகினேன். காலைல எய்ந்து சைக்கிள் எட்த்துகினு, நாலு பேரோட வாயாடிகினு, டீ ஊத்திகினு... உனுக்குச் சொன்னா சிரிப்ப. எனுக்கு அது சந்தோசமா கீது. அவரு கீறப்பகூட நான் இப்டி இருந்ததில்ல. இத்த உட்டுட்டு வர எனுக்கு மனசில்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். ரெண்டு வருசம் கயிச்சும் வரமாட்டேன். நெமிலிச்சேரி பக்கம் ஒரு சின்ன ஊடு பாத்துகினு இங்கியே இருந்துடுவேன். உன்னாண்ட மறுபடியும் பொய் சொல்லக் கூடாது."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க வருவீங்கன்னுதான் ஸ்கூல்ல ஒத்துக்கிட்டேன் அத்தை."

"தெரியும்மா."

"கிறிஸ்துமஸ்லயே சொல்லியிருந்தீங்கன்னா நான் வேற வழி பாத்திருப்பேன்ல? இன்னைக்கு மே கடைசி. நான் என்ன பண்றது?"

"அப்ப சொல்ற தைரியம் வரல."

ஞானகுமாரி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். யாராவது அக்காவை ஒரு வார்த்தை சொன்னால் உடனே சண்டைக்கு நிற்கிறவள் நான். ஆனால் அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா மறுபடியும் உட்கார்ந்து, தேய்த்த அண்டாவையே தேய்த்தாள். "சொல்லிடுவா. சொல்லட்டும். அவன் வந்து கேட்டா போய்த்தான் ஆவணும். இத்தினி பேர் முன்னாடி மாலை போட்டுகினதுக்கு நல்லா வேணும் எனுக்கு" என்றாள்.

நாலு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். சாமான் ஏற்ற வந்த வேனில் ஒரு தூக்குவாளி பிரியாணியும் குழந்தையின் தூளித் துணியும்தான் ஏறின. ஞானகுமாரி முன்சீட்டில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். செபாஸ்டியன் ஒரு காலை வைத்து ஏறப் போனவன் இறங்கிவிட்டான்.

"அம்மா, எதுக்கும் ஒருவாட்டி கேட்டுப் பாக்கலாமே? ஞானமும் ஸ்கூல் போவணும். உனக்கும் வயசாவுது. நான் நாளைக்கு லீவு போட்டுட்டு இருக்கேன். உங்க பெரிய ஆபீசரை நானே பாத்துப் பேசறேன். சண்டைன்னு ஒண்ணு வந்தா அப்ப திரும்பி வந்து சேந்துக்கறேன்னு எழுதிக் குடுத்தா விடமாட்டாங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் நிஜமாகவே ஆபீசரைப் பார்க்கப் போகிறவன். அக்காவைப் பார்த்தேன். அவள் கழுத்து மாலை இன்னும் அப்படியே இருந்தது. உண்மையைச் சொல்லிவிட அவள் வாயைத் திறந்துவிட்டாள். எனக்கு அது தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. அவன் அழுவான், கெஞ்சுவான். இவள் அந்த நிமிஷமே வேனில் ஏறிவிடுவாள்.

"செபா" என்றாள்.

"ஏறுங்க, நேரமாவுது" என்று ஞானகுமாரி முன்சீட்டிலிருந்து சொன்னாள். எங்கள் பக்கம் அவள் திரும்பவில்லை. "பாப்பாவப் பாத்துக்க நம்ம தெருவுல நான் யாரையாவது கேக்கறேன்."

"இல்ல ஞானம், ஆபீசரை ஒருவாட்டி பாத்துட்டா..."

"பாத்தாலும் விடமாட்டாங்க. ரயில் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கிற எங்கப்பாவையே விடல. டாங்கி ஃபேக்டரியில விடுவாங்களா?"

செபாஸ்டியன் அம்மாவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டான்.